‘ம்னா’ கதவும் ‘ஃபிர்’ கதவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அயர்லாந்தின் டப்ளினில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஓர் உணவகத்தில் கழிப்பறைக் கதவுகளில் ‘ஃபிர்’, ‘ம்னா’ என்று மட்டும் எழுதியிருந்தது. எஃப் பெண்களுக்கு, எம் ஆண்களுக்கு என்று நினைத்து ம்னாவுக்குள் நுழைந்து மானம் போனது. ம்னா என்றால் பெண்களாம். ஆனால் அகராதியில் பெண்ணுக்கு ‘ப்யன்’ என்றும், பழைய ஐரிஷில் ‘பென்’ என்றும் இருக்கிறது. அப்படியானால் அது நம் ‘பெண்’தானே?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

உங்களுக்கு முன்பே பலர் அந்தக் கதவில் ஏமாந்திருக்கிறார்கள், விடுங்கள்.

ஒலி ஒத்துப்போவது தற்செயல். ஐரிஷ் சொல்லில் இருப்பது நம் ‘பெண்’ணின் ப அல்ல, ‘பஸ்’ஸில் வரும் ப. அதுவும் மூலத்தில் ப இல்லை, ‘க்வ’ போன்ற ஓர் ஒலி. ஐரிஷின் குடும்பமான கெல்டிக் மொழிகள் அதை ப ஆக்கிக்கொண்டன. கிரேக்கத்தில் ‘குனே’, ஆங்கிலத்தில் ‘குயின்’ என்று அதே வேர் வேறு வேடத்தில் நிற்கிறது. நம் பெண்ணுக்கு உறவு கன்னட ‘ஹெண்ணு’. அது தனிக் குடும்பம்.

சரி, ‘ம்னா’வில் அந்த ப எங்கே போனது? ‘பெண்ணின்’ என்ற வேற்றுமை வடிவத்தில் நடு உயிர் விழுந்து ‘ப்னா’ என்றாகி, னகரத்தின் பக்கத்தில் நின்ற ப மூக்கொலியாகி ‘ம்னா’ ஆனது. ரிக்வேதத்தில் தேவர்களின் மனைவியரைக் குறிக்கும் ‘க்னா’ இதற்கு நேர் உறவு. நமக்கு ‘நான்’ என்பது ‘என்’ ஆவதில்லையா, அதுபோல ஆளே மாறிவிடுகிறது. இன்று ம்னா ‘பெண்ணின்’ என்றும் பொருள்படும், ‘பெண்கள்’ என்றும் பொருள்படும். ‘பெண்களின்’ என்று சொல்லப் போனாலோ பழைய ப திரும்பி வருகிறது: ‘பன்’. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 1914-இல் டப்ளினில் தொடங்கிய பெண்கள் அமைப்பான ‘குமன் ந மன்’ பெயரில் இருப்பது அந்த ‘பன்’தான். முன்னால் ஒரு ம வந்து ஒட்டிக்கொள்ளும். ப-வை எழுதுவார்கள், உச்சரிக்க மாட்டார்கள்.

தமிழோடு உண்மையான தொடர்பு வேண்டுமென்றால் அடுத்த கதவைப் பாருங்கள். ‘ஃபிர்’ என்றால் ஆண்கள், ஒருமையில் ‘ஃப்யர்’. மூலத்தில் வகரம், ஐரிஷ் அதை ஃப ஆக்கிவிட்டது. லத்தீன் ‘விர்’, சமஸ்கிருத ‘வீர’ இரண்டும் அதன் உடன்பிறப்புகள். சமஸ்கிருதத்திலிருந்து நாம் வாங்கிக்கொண்டது ‘வீரன்’. ஆக, நீங்கள் போயிருக்க வேண்டியது வீரர்கள் அறைக்கு.

அப்புறம், மேற்கு அயர்லாந்தில் கால்வே பக்கம் போனால் ம்னாவை ‘ம்ரா’ என்பார்கள். எழுத்து மாறாது, கதவும்தான்.