கடவுள் கண்முன்னே நிற்கும் உலகில் நம்பிக்கைக்கு என்ன வேலை?

கேள்வி: மிகுபுனைவு (ஃபேன்டசி) கதைகளில் கடவுள்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள், பேசுகிறார்கள், தண்டிக்கிறார்கள், இறந்தவரை எழுப்புகிறார்கள். அப்படியிருந்தும் அவர்கள் முன்னுக்குப் பின் முரணாக நடந்துகொள்கிறார்கள். அவர்களை நம்பாத பாத்திரங்களும் அதே கதையில் உலவுகின்றன. இது எழுத்தாளரின் கவனக்குறைவா?

சில கதைகளில் கவனக்குறைவுதான். ஆனால் நான் திரும்பத் திரும்பப் படிக்கும் கதைகளில் அந்த முரண்தான் கதையின் அச்சு; அதைச் சரிசெய்துவிட்டால் கதை மிஞ்சாது. உங்கள் கேள்விக்குள் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது. கடவுள் இருப்பது உறுதியாகிவிட்டால் நம்பிக்கை குறித்த கேள்விகள் எல்லாம் தீர்ந்துவிட வேண்டும் என்று நாம் இயல்பாகவே நினைத்துக்கொள்கிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதைக் கலைத்தது உர்சுலா லெ குவின் எழுதி 1971-இல் நூலாக வந்த ‘தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்’ நாவலின் ஒரு காட்சி.

டெனார் என்னும் சிறுமியை ஐந்து வயதில் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய், பெயரற்றவர்கள் எனப்படும் இருள் தெய்வங்களுக்குத் தலைமைப் பூசாரிணி ஆக்குகிறார்கள். அவள் பெயரைக்கூட எடுத்துவிட்டு, ‘விழுங்கப்பட்டவள்’ என்று பொருள்படும் ஆர்ஹா என்ற பெயரைச் சூட்டுகிறார்கள். கல்லறைகளுக்கு அடியில் இருக்கும் பெருங்குகைக்குள் விளக்கு கொண்டுபோவது அங்கே மன்னிக்க முடியாத குற்றம். டெனார் அந்த இருட்டைக் கையால் தடவித் தடவியே மனப்பாடம் செய்து வைத்திருப்பவள். ஒருநாள் அதே குகையில், கோசில் என்னும் மூத்த பூசாரிணி கையில் விளக்கோடு வந்து, புதைகுழி ஒன்றின் மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பதை அவள் மறைவிலிருந்து பார்க்கிறாள். உள்ளே பிணம் இருக்கிறதா இல்லையா என்று கோசிலுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இடி விழவில்லை, நிலம் பிளக்கவில்லை. கோசில் தன் பாட்டுக்கு மண்ணைக் கிளறுகிறாள்.

அந்தக் கணத்தில் டெனாரின் உலகம் உடைகிறது. இவ்வளவு பெரிய அபசாரத்துக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் தெய்வங்கள் செத்துவிட்டன என்ற முடிவுக்கு அவள் வருகிறாள். அவள் சிறைப்பிடித்து வைத்திருக்கும் மந்திரவாதி கெட் அதை மறுக்கிறான். அவை சாகவில்லை, அவற்றுக்குச் சாவே கிடையாது, இந்த இடத்தில் அவற்றின் வலிமையைத் தாங்கி நிற்பதற்கே தன் சக்தி முழுவதும் செலவாகிறது என்கிறான். அதோடு, அவை தெய்வங்கள் அல்ல, ஒருபோதும் தெய்வங்களாக இருந்ததில்லை, எந்த மனித உயிரும் வணங்கும் தகுதி அவற்றுக்கு இல்லை என்றும் சொல்கிறான். கதையின் இறுதியில் கல்லறைகள் இடிந்து விழும்போது அவன் சொன்ன முதல் பாதி உண்மையென்று தெரிந்துவிடுகிறது. இரண்டாவது பாதியை எந்த நிலநடுக்கத்தாலும் மெய்ப்பிக்கவோ பொய்ப்பிக்கவோ முடியாது.

நீங்கள் முரண் என்று பார்ப்பது இந்த இரண்டு பாதிகளுக்கும் இடையில் உள்ள வெளியைத்தான் என்று நினைக்கிறேன். ஒன்று இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. இருப்பதற்குத் தலை வணங்கலாமா என்பது வேறு கேள்வி. நம் அன்றாட வாழ்வில் முதல் கேள்விக்கே விடை கிடைக்காததால் இரண்டாவதை நாம் தனியாக எடுத்துப் பார்ப்பதில்லை. மிகுபுனைவு முதல் கேள்வியைத் தொடக்கத்திலேயே தீர்த்து வைத்துவிட்டு, இரண்டாவதை நம் மடியில் போடுகிறது. கோசில் கடவுளின் பெயரால் அதிகாரம் செலுத்தும் பூசாரிணி, ஆனால் பெயரற்றவர்களைத் துளியும் நம்பாதவள்; கெட் அவர்களை ஒருபோதும் வணங்காதவன், ஆனால் அவர்கள் இருப்பதை அங்கே எவரையும்விட நன்றாக அறிந்தவன். இப்படி எதிரெதிராக இருவரை நிறுத்தியது கவனக்குறைவால் நேர்வதல்ல.

டெர்ரி பிராட்செட் 1992-இல் எழுதிய ‘ஸ்மால் காட்ஸ்’ இதையே நகைச்சுவையாக வேறு பக்கத்திலிருந்து எடுக்கிறது. அந்த உலகில் கடவுளின் வலிமை பக்தர்களின் நம்பிக்கையிலிருந்து வருகிறது. ஓம் என்னும் பெருங்கடவுள் (பெயரைப் பார்த்து நம்மூர் ஓங்காரத்தை நினைத்துவிட வேண்டாம்) கம்பீரமான காளையாகத் தோன்றலாம் என்று பூமிக்கு வந்து, ஒற்றைக்கண் ஆமையாக மூன்று ஆண்டுகள் மாட்டிக்கொள்கிறார். கழுகு ஒன்று அவரைத் தூக்கிப் போய் மேலிருந்து கீழே போடுகிறது. அவர் விழுந்த தோட்டத்தில் புரூதா என்னும் எழுத்தறிவற்ற இளந்துறவி மண்ணைக் கொத்திக்கொண்டிருக்கிறான். ஆமை பேசுவது அவனுக்கு மட்டும்தான் கேட்கிறது. ஏனென்றால் அந்த நாடு முழுவதிலும் ஓமை உண்மையாக நம்பும் ஆள் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் நம்புவது சமய நிறுவனத்தை, அதன் விசாரணை அதிகாரிகளை, சித்திரவதைக் கூடத்தை. ஆயிரக்கணக்கானோர் மண்டியிடுகிறார்கள், ஆனால் மண்டியிடுவது பயத்துக்கு.

புரூதாவுக்கு வேதப் புத்தகங்கள் முழுவதும் மனப்பாடம். அவன் ஒவ்வொரு கட்டளையாக ஒப்பிக்க, ஆமை தான் அப்படிச் சொல்லவே இல்லை என்கிறது. கடவுளுக்கே தன் வேதம் தெரியாத இந்த உரையாடல்களைப் படித்து நான் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன்; சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் சங்கடமாகவும் இருந்திருக்கிறது.

இருந்தாலும் இந்த நாவலுக்குப் பின் வந்த பல கதைகளில் ‘நம்பினால்தான் கடவுளுக்குச் சக்தி’ என்பது தேய்ந்த வாய்பாடாகிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். நம்பிக்கை மின்சாரம் போலவும் கடவுள் மின்விசிறி போலவும் ஆகிவிடுகிறார்கள். பக்தர் எண்ணிக்கை குறைந்தால் விசிறி மெதுவாகச் சுற்றுகிறது. பிராட்செட்டுக்கு அது ஒரு கணக்கு அல்ல. எத்தனை பேர் நம்புகிறார்கள் என்பதைவிட எதை நம்புகிறார்கள் என்பதில்தான் அவருடைய கண் இருந்தது.

உண்மையான கவனக்குறைவுக்கு உதாரணம் வேண்டுமானால் விளையாட்டுகளுக்காக உருவாக்கிய உலகங்களைப் பார்க்கலாம். பாத்திரமேற்று ஆடும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டுக்காக 1980-இல் வந்த ‘டெய்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’ என்ற விதிநூல், கிரேக்கக் கடவுள்கள் முதல் இந்தியக் கடவுள்கள் வரை ஒவ்வொருவரையும் வீழ்த்த எத்தனை புள்ளி அடி விழ வேண்டும் என்று பட்டியல் போட்டது. அதே விளையாட்டின் ‘ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்’ உலகில், எந்தக் கடவுளையும் பற்றிக்கொள்ளாமல் இறந்தவர்களின் ஆன்மாவை ஒரு மதிலில் வைத்துப் பூசிவிடுவார்கள். அங்கேயே அது கரைந்து மறையும். நல்லவனா கெட்டவனா என்பது பொருட்டே அல்ல. நன்மையின் கடவுள்கள் என்று பெயரெடுத்தவர்கள் இந்த மதிலை எப்படிச் சகித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு அந்த விதிநூல்களில் எனக்கு நிறைவு தந்த விடை கிடையாது. சுவாரசியம் என்னவென்றால், அந்த ஓட்டையையே பிடித்துக்கொண்டு 2007-இல் ‘மாஸ்க் ஆஃப் தி பிட்ரேயர்’ என்ற கணினி விளையாட்டு ஒரு முழுக் கதையைச் சொன்னது. ஒருவர் கவனிக்காமல் விட்ட முரணை இன்னொருவர் கவனித்ததும் அது இலக்கியச் சரக்காகிவிட்டது.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினைப் பற்றி எல்லாருமே எழுதுவதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ என்னும் அவருடைய நாவல் தொடரில் கடவுள் எவரும் நேரில் வருவதில்லை; அற்புதங்கள் மட்டும் நிகழ்கின்றன. தோரோஸ் என்னும் குடிகாரப் பூசாரி, நம்பிக்கை வற்றிப்போன நிலையில், இறந்த நண்பனுக்கு வழக்கமான ஈமச் சடங்கைச் செய்கிறான். பிணம் எழுந்து உட்காருகிறது. தீவிர பக்தையான மெலிசாண்ட்ரேயோ நெருப்பில் உண்மையான காட்சிகளைக் கண்டும் அவற்றைத் தப்பாகவே படித்துக்கொண்டிருக்கிறாள். அற்புதம் எந்தக் கடவுளிடமிருந்து வந்தது என்பதற்கு அற்புதமே சாட்சி சொல்லாது என்பதை மார்ட்டின் அளவுக்குக் கறாராகக் கையாண்டவர்கள் குறைவு.

ஆனால் எனக்கு மிகவும் நெருக்கமானவை லோயிஸ் மெக்மாஸ்டர் பூஜோல்டின் ‘தி கர்ஸ் ஆஃப் சாலியன்’ (2001), அதன் தொடர்ச்சியான ‘பேலடின் ஆஃப் சோல்ஸ்’ (2003) ஆகிய இரண்டு நாவல்கள். அங்கே ஐந்து கடவுள்கள்: தந்தை, தாய், மகன், மகள், இவர்களோடு முறைதவறிப் பிறந்தவன். மற்ற நால்வரும் பருவங்களைப் பங்கிட்டுக்கொள்ள, பருவம் தப்பி நடப்பதெல்லாம் ஐந்தாமவனுடைய பொறுப்பு. அவனைக் கடவுளாக ஏற்காமல் பேயென்று சொல்லும் நால்வர் சமயம் ஒன்று பக்கத்து நாட்டில் இருக்கிறது. அதற்காக மனிதர்கள் கொல்லப்படுகிறார்கள். இத்தனைக்கும் அங்கே கடவுள்கள் இருப்பதில் எவருக்கும் ஐயம் கிடையாது. ஒவ்வொரு சாவு வீட்டிலும் அதற்குச் சான்று கிடைக்கிறது. ஐந்து கடவுள்களுக்கும் உரிய ஐந்து உயிரினங்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். எந்தப் பறவை அல்லது விலங்கு இறந்தவரை நாடிச் செல்கிறதோ அதற்குரிய கடவுள் அந்த ஆன்மாவை ஏற்றுக்கொண்டார் என்று பொருள். கொடியவன் ஒருவனின் ஈமச் சடங்கில் ஐந்தில் ஒன்றுகூட அசையாமல் நிற்க, கூடியிருப்பவர்கள் வாயடைத்துப் போகும் காட்சி ஒன்று உண்டு. அதில் ஒரு பேய்க்கதையும் தர முடியாத நடுக்கம் இருக்கிறது.

இந்தக் கடவுள்களின் முரண் என்னவென்றால், எல்லாம் அறிந்தும், மனிதர் மேல் எல்லையற்ற பரிவு கொண்டும், பருப்பொருள் உலகில் ஒரு துரும்பைக்கூட அவர்களால் நகர்த்த முடியாது. ஒரு மனிதர் தன் விருப்பத்தை விட்டுக்கொடுத்து வழி திறந்தால் மட்டுமே அவர்கள் உள்ளே வர முடியும். கப்பலில் துடுப்பு வலிக்கும் அடிமையாகக் கிடந்து உடைந்து திரும்பிய கசாரில் என்னும் மனிதன் வழியாகத்தான் மகள் தெய்வம் நுழைகிறாள். இத்தனை துன்பமும் தன்னை இந்த இடத்துக்குக் கொண்டுவருவதற்காகத் தெய்வம் போட்ட திட்டமா என்று அவன் கசப்போடு கேட்கும்போது, உமேகாட் என்ற முதியவர் வேறொரு சாத்தியத்தைச் சொல்கிறார்: தெய்வங்கள் ஒருவேளை நூறு கசாரில்களை, ஆயிரம் கசாரில்களை இந்தச் சாலையில் அனுப்பியிருக்கலாம்; வந்து சேர விரும்பியவர்கள் மட்டுமே வந்து சேர்ந்திருக்கிறார்கள். விதியா விருப்பமா என்ற பழைய வழக்கை இவ்வளவு எளிமையாக, அதே சமயம் இவ்வளவு நெஞ்சை அடைக்கும்படி பேசிய இன்னோர் இடத்தை இந்த வகை இலக்கியத்தில் நான் பார்த்ததில்லை.

இரண்டாவது நாவலின் நாயகி இஸ்டா, நடுவயதைத் தொட்ட அரசமாதா. கடவுள்கள் இருப்பது அவளுக்கு நேரடி அனுபவம். அதனால்தான் அவர்கள் மேல் அவளுக்கு அத்தனை கோபம். அவளைப் படித்தபோது எனக்கு என் அப்பாயி நினைவுதான் வந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் மாரியம்மன் கோயில் வாசலில் நின்று, “உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?” என்று ஊர் கேட்கத் திட்டிவிட்டு, திருநீறு பூசிக்கொண்டு வீட்டுக்கு வருவார். அதை அவநம்பிக்கை என்று எவரும் சொல்ல மாட்டார்கள். கண் பறிபோன சுந்தரர், திருவாரூரில் பாட்டுக்குப் பாட்டு “வாழ்ந்து போதீரே” என்று இறைவனிடமே சடைத்துக்கொள்வதும் இதே தொனிதான். ஆகவே, கடவுளை நேரில் அறிந்தும் அவரோடு சண்டை போடும் பாத்திரம் தமிழ் வாசகருக்குப் புதிராக இருக்க வேண்டியதில்லை.

கடைசியாக டோல்கீன். ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ (1954–55) நூலில் கோயில், பூசாரி, சடங்கு என்று ஏறக்குறைய எதுவுமே கண்ணில் படுவதில்லை. ஃபாராமிரும் அவன் வீரர்களும் உண்பதற்கு முன் மேற்கு நோக்கி ஒரு கணம் மௌனமாக நிற்பதுதான் நினைவில் நிற்கும் வழிபாடு. ஆனால் அதன் பின்னணியான ‘தி சில்மரில்லியன்’ முழுவதும் இறையியல். அதில் ஔலே என்னும் தேவன் பொறுமையிழந்து தானே குள்ளர்களைச் செய்துவிடுகிறான். படைக்கும் உரிமை முழுமுதற் கடவுளான இலுவாதாருக்கு மட்டுமே உண்டு என்பதால், தவற்றை உணர்ந்து அவர்களை நொறுக்கச் சம்மட்டியை ஓங்குகிறான். குள்ளர்கள் அஞ்சி ஒடுங்குகிறார்கள். அவன் ஆட்டினால் மட்டும் ஆடும் பொம்மைகளாக இருந்திருந்தால் அப்படி ஒடுங்கியிருக்க மாட்டார்கள். ஆகவே இலுவாதார் ஏற்கெனவே அவர்களுக்கு உயிர் கொடுத்துவிட்டார் என்று தெரிகிறது.

இந்த விதி அழகானது. ஆனால் இதே விதிதான் டோல்கீனை மடக்கியது. தீயவனால் உயிரைப் படைக்க முடியாதென்றால் அவனுடைய படையான ஓர்க்குகள் எங்கிருந்து வந்தார்கள்? சிதைக்கப்பட்ட எல்ஃபுகள் (மூப்பில்லாத ஓர் இனம்) என்றால் அவர்களுக்கும் ஆன்மா உண்டு. ஆன்மா உண்டென்றால், கதாநாயகர்கள் கூசாமல் வெட்டிச் சாய்க்கும் அந்தக் கூட்டத்துக்கு மீட்சியே இல்லையென்று கத்தோலிக்கரான டோல்கீன் எப்படி எழுதுவார்? 1977-இல் அச்சான ‘தி சில்மரில்லியன்’ நூலில் எல்ஃபுகளிலிருந்து வந்தவர்கள் என்ற விளக்கமே இருக்கிறது. ஆனால் அவர் 1973-இல் இறந்தபின், மகன் கிறிஸ்டோபர் தொகுத்து 1993-இல் வெளியிட்ட ‘மார்காத்ஸ் ரிங்’ தொகுதியில், மனிதரிலிருந்து வந்தவர்கள் என்றும், பேச்சை ஒப்பிக்கும் விலங்குகள் என்றும் அவர் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்த குறிப்புகள் கிடைக்கின்றன. நிலாவின் பிறைகூட நாள் தவறாமல் வர வேண்டும் என்று கணக்குப் பார்த்து எழுதியவர், இந்த ஒன்றை மட்டும் முடிக்காமலே விட்டுச் சென்றிருக்கிறார்.