ரயில் மாதிரி அமைப்பில் கட்டடங்கள் தத்ரூபமாகவும் இருக்க வேண்டும், வேலையும் நகர வேண்டும் என்றால் என்ன செய்வது?

ஒரே நிலையக் கட்டடத்தில் ஆறு மாதம் கழிந்தும் மேசையின் மற்ற பகுதி வெறும் பலகையாகவே கிடக்கிறது என்றும், நுணுக்கத்தைக் குறைத்தால் மனம் ஒப்பவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அம்பாசமுத்திரத்தில் வசிக்கும் நான், அகலப்பாதை வருவதற்கு முந்தைய திருநெல்வேலி–தென்காசி மீட்டர் கேஜ் தடத்தை எச்.ஓ. அளவில், அதாவது 87-இல் ஒரு பங்காக, பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். இதே நிலையில் நானும் நின்றிருக்கிறேன்.

நிலையத்தின் மங்களூர் ஓட்டுக் கூரைக்காக, ஒவ்வொன்றும் 5 மி.மீ. நீளம்கூட இல்லாத ஓடுகளைத் தபால் அட்டையில் தனித்தனியாக வெட்டி ஒட்டினேன். ஐப்பசி மழையில் தொடங்கிய வேலை பங்குனி உத்திரம் வந்தபோதும் முடியவில்லை. ரயில்வேயில் கேங்மேனாக வேலைபார்த்து ஓய்வுபெற்ற என் மாமா ஒருநாள் வந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஓடெல்லாம் நல்லாத்தான் இருக்கு மருமவனே, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வயக்காட்ட எங்க?" என்று கேட்டார். அவர் நினைவில் இருந்த ரயில்பாதை, வயலும் வாய்க்காலும் பனையும் கேட் குடிலும் சேர்ந்த ஒன்று; என் மேசையிலோ ஒரு கூரை மட்டுமே இருந்தது.

அதன் பிறகு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மீட்டர் தொலைவிலிருந்து பார்க்கும்போது நல்ல கண் பிரித்தறியக்கூடிய அளவு ஏறத்தாழ 0.3 மி.மீ.; நம் அளவில் அது உண்மைக் கட்டடத்தில் இரண்டரை சென்டிமீட்டருக்குச் சமம். ஆகவே கதவின் கீலையும் ஓட்டின் விளிம்பையும் மேசையின் பின்வரிசையில் செய்துவைத்தால், அவற்றைச் செய்தவரைத் தவிர யாரும் காணப்போவதில்லை. தண்டவாளத்திலேயே நாம் ஒரு விட்டுக்கொடுத்தலை ஏற்றுக்கொண்டிருக்கிறோம் என்பதையும் நினைத்துப் பாருங்கள். கடையில் கிடைக்கும் எச்.ஓ. தடத்தின் அகலம் 16.5 மி.மீ.; மீட்டர் கேஜின் 1000 மி.மீ.-ஐச் சரியாகச் சுருக்கினால் ஏறத்தாழ 11.5 மி.மீ.தான் வரும். நடைமேடையும் அப்படித்தான்: மீட்டர் கேஜ் பயணிகள் பெட்டி ஒன்றே 20 செ.மீ.-க்கு மேல் நீளம் வரும் என்பதால், பத்துப் பெட்டி நிற்கும் நடைமேடையை அப்படியே செய்ய இரண்டு மீட்டருக்கு மேல் வேண்டும். நீளத்தை எல்லோரும் சுருக்கத்தான் செய்கிறோம்.

நான் இப்போது பின்பற்றும் முறை இதுதான். முதலில் எல்லாக் கட்டடங்களையும், நிலையம், சரக்குக் கொட்டகை, கேட் குடில், அரிசி ஆலை, பின்னால் தெரியும் அக்ரகார வரிசை என்று, பழைய அட்டைப்பெட்டியை வெட்டி ஒரே வாரத்தில் நிறுத்திவிடுவேன். ரயிலை ஓட்டிப் பார்ப்பேன். எது மிக உயரம், எது தடத்தை மறைக்கிறது, எது தேவையே இல்லை என்பதெல்லாம் அப்போதே புலப்பட்டுவிடும். பிறகு, கைக்கெட்டும் தூரத்தில், ரயில் நிற்கும் இடத்தில் இருக்கும் கட்டடத்தை மட்டும் எடுத்து முழு நுணுக்கத்துடன் செய்வேன். நடுவரிசைக்கு நெளி அட்டைக் கூரை போதும். பின்வரிசைக்கு முன்சுவர் மட்டும் போதும்.

ஆனால் சிலவற்றை எந்த வரிசையிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஏழடிக் கதவு 24 மி.மீ. உயரம்தான் இருக்க வேண்டும். அது தவறினால் பக்கத்தில் நிற்கும் பெட்டியும் பொய்யாகத் தெரியும். கூரையின் இறவாணம் சுவரைத் தாண்டி நீண்டு நிழல் விழ வேண்டும், ஏனென்றால் நம் ஊர் வெயிலில் கட்டடத்தின் உருவத்தைக் காட்டுவதே அந்த நிழல்தான். இறவாணத் தண்ணீர் விழுந்து தெறித்த செம்மண் கறை சுண்ணாம்புச் சுவரின் அடியில் இருக்க வேண்டும். செங்கல் பொடியும் கரித்தூளும் குழைத்துத் தடவினால் ஒரு மணி நேரத்தில் அது வந்துவிடும். ஓடுகளை வெட்டிய அத்தனை மாத உழைப்பைவிட அந்த ஒரு மணி நேரம்தான் என் நிலையத்தை நிலையமாக்கியது என்று உறுதியாகச் சொல்வேன்.

அட்டையாக நிற்கும் பதினொரு கட்டடங்களில் நான்கை இதுவரை மாற்றியிருக்கிறேன். மாமா கேட்ட வயல் பச்சையாக விளைந்து நிற்கிறது. அடுத்து அரிசி ஆலையின் புகைபோக்கி.