துண்டு காயும் கம்பி

கேள்வி: பதினொரு மாதமாகச் சொந்த வீட்டில் இருக்கிறோம். ஒரு தொண்டு நிறுவனம் தன்னார்வலர்களை வைத்துக் கட்டிக்கொடுத்த வீடு. கணவரும் நானும் எங்கள் பங்குக்கு 300 மணி நேரம் அங்கே வேலை செய்தோம். சின்னவனை மாமியார் பார்த்துக்கொண்டதால் அது முடிந்தது. வட்டியில்லாத மாதத் தவணையும் ஒழுங்காகக் கட்டுகிறோம். ஆனாலும் சொந்தக்காரர்கள் ‘ஓசி வீடு’ என்று முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள். அடுத்த மாதம் ஓராண்டு நிறைவுக்கு அந்தத் தன்னார்வலர்கள் வீட்டைப் பார்க்க வருகிறார்களாம். நினைத்தாலே கூசுகிறது. பிச்சை வாங்கியவள் போல உணர்கிறேன். வீட்டில் ஒரு குறையும் இல்லை. மூன்று அறை, நல்ல வெளிச்சம், வாசலில் படியோடு சாய்தளம். குளியலறையில்கூடக் கனமான கம்பி போட்டுத் தந்திருக்கிறார்கள், துண்டு காயப்போட வசதியாக இருக்கிறது. சுவர் ஈரம் காயட்டும் என்று மாமியாரை மட்டும் நாத்தனார் வீட்டில் விட்டிருக்கிறோம். இந்தக் கூச்சத்திலிருந்து வெளியே வர ஒரு வழி சொல்லுங்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

ஓசி வீடு என்ற பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அது சின்ன விஷயம். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் வேலையிழந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக 1937-ல் பென்-கிராஃப்ட் என்று ஒரு குடியிருப்பைத் தொடங்கினார்கள். நிலத்துக்கும் பொருளுக்கும் வழி செய்தது குவேக்கர் சமயத்தவரின் சேவை அமைப்பு. ஐம்பது குடும்பங்கள் தங்கள் கல்வீடுகளைத் தாங்களே, ஒருவருக்கொருவர் கைகொடுத்துக் கட்டிக்கொண்டன. வீடு எழும்பும்வரை அவர்கள் தங்கியிருந்தது, பின்னால் கோழிகளுக்கென்று விடவேண்டிய கொட்டகையில். அதே வழியில்தான் மில்லர்ட் ஃபுல்லரும் அவர் மனைவி லிண்டாவும் 1976-ல் ‘ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி’யைத் தொடங்கினார்கள். வீடு பெறும் குடும்பம் உடலுழைப்பைப் போடவேண்டும், லாபம் வைக்காத கடனைத் திருப்பிக் கட்டவேண்டும், அந்தப் பணத்தில் அடுத்த குடும்பத்துக்கு வீடு எழும்பவேண்டும். அமெரிக்க அதிபராக இருந்த ஜிம்மி கார்ட்டர் 1984-ல் மனைவி ரோசலினோடு நியூயார்க்கில் ஒரு பழைய ஆறு மாடிக் கட்டடத்தைச் சீர்செய்யப் போனார். 19 குடும்பங்களுக்கான வேலை அது. சுத்தியலைக் கையில் எடுத்தவர், அப்புறம் வயது தொண்ணூறைத் தாண்டியும் அந்த வேலையை விடவில்லை. அந்த வீடுகளில் குடியேறியவர்களை யாரும் பிச்சைக்காரர்கள் என்று சொன்னால் கார்ட்டர் சும்மா இருந்திருப்பாரா?

நீங்களும் இதே கணக்கில்தான் வருகிறீர்கள். 300 மணி நேரம், மாதாமாதம் தவணை. கேட்கிறவர்களிடம் ஒரு தடவை தெளிவாகச் சொல்லுங்கள். மறுபடியும் பேசினால் பேசட்டும்.

இப்போது அந்தக் கம்பிக்கு வருகிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அந்த ஒரு வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. துண்டு காயப்போட வசதியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஏம்மா, அது எதற்கு வைத்த கம்பி என்று உங்களுக்குத் தெரியாதா?

துண்டு போடும் கம்பிக்கு இரண்டு சின்ன ஸ்க்ரூ போதும். ஒரு பிள்ளை தொங்கினால் பெயர்ந்து வந்துவிடும். நீங்கள் கனமான கம்பி என்று சொல்வது கைப்பிடிக் கம்பி. தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில், வயதானவரின் கை இயல்பாக எட்டும் இடத்தில் போடுவார்கள். வழுக்கி விழப்போகிற ஆளின் முழு எடையும் திடீரென்று அதில் விழும் என்று கணக்குப் போட்டு, ஏறக்குறைய 113 கிலோ தாங்கும்படி வைக்கவேண்டும் என்பது கட்டட விதிகளில் எழுதியிருக்கிற அளவு. அதனால் பூச்சில் மட்டும் பிடிக்கிற மாதிரி வைக்க மாட்டார்கள். டைலை உடைக்காமல் மெதுவாகத் துளை போட்டு, உள்ளே கெட்டியான சுவரில் பிடிப்பு ஏற்றி, முடுக்கி, பிறகு வைத்த ஆளே இரண்டு கையாலும் பிடித்துத் தன் எடையைப் போட்டு இழுத்துப் பார்ப்பார். இப்படி ஒரு வீட்டு வேலையை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கல்லூரிப் படிப்பு முடிக்காத ஒரு பெண், முகமெல்லாம் டைல் தூசி, கம்பியைப் பிடித்துக்கொண்டு கழிப்பறை இருக்கையில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். எனக்கு உயரம் சரியாக இருக்கிறது, பாட்டி என்னைவிடக் குள்ளம் என்று சொல்லி ஓர் அங்குலம் கீழே இறக்கி மறுபடி குறித்தாள். அந்தப் பாட்டியை அவள் அதற்கு முன் இரண்டு தடவைதான் பார்த்திருந்தாள்.

உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் அப்படிக் குறித்திருப்பார். வாசலில் இருக்கும் சாய்தளமும் அதே ஆளுக்குத்தான். ஓர் அங்குலம் ஏற ஓர் அடி நீளம் வேண்டும் என்பது அதன் கணக்கு. ஒன்றரை அடி உயர வாசலுக்குப் பதினெட்டு அடி இழுக்கவேண்டும். அவ்வளவு கலவையும் இரும்பும் உழைப்பும் உங்கள் மகனின் சைக்கிளுக்காகப் போடவில்லை. வீட்டில் யார் யார் இருக்கப் போகிறீர்கள் என்று கேட்டிருப்பார்கள். நீங்கள் சொல்லியிருப்பீர்கள். மாமியாரையும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பீர்கள். அந்தக் கணக்கில்தான் மூன்றாவது அறை வந்தது என்று நினைக்கிறேன். அந்த அறையில் இப்போது என்ன இருக்கிறது? எழுதவில்லை நீங்கள்.

சுவர் ஈரம் என்கிறீர்கள். கட்டட வேலை தெரிந்த யாரிடமும் கேளுங்கள். கான்கிரீட்டின் பலத்தை 28-ம் நாளில் சோதிக்கிறார்கள். பூச்சிலும் தளத்திலும் இருக்கும் தண்ணீர் முழுதாக வெளியேறச் சில மாதங்கள் ஆகும், சரி. எதிரெதிர் ஜன்னலைத் திறந்து வைத்து, அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் அது தன்னால் நடக்கும். முதல் வருடத்தில் மயிரிழை போல விரிசல் விட்டால் பயப்பட வேண்டியதில்லை, பூச்சு காய்ந்து சுருங்குகிறது. ஆனால் பதினொரு மாதம்! இத்தனைக்கும் முதல் நாளிலிருந்து அந்த ஈரச் சுவருக்குள்தான் உங்கள் பிள்ளைகள் படுத்துத் தூங்குகிறார்கள். பிள்ளைகளுக்கு ஆகாத ஈரமா அவருக்கு மட்டும் ஆகவில்லை?

அது சாக்கு என்று உங்களுக்கே தெரியும். எப்படி வந்திருக்கும் என்று எனக்கும் புரிகிறது. இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. வாடகை அறையில் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு கிடந்தபோது யாரையும் விட்டுவிடத் தோன்றாது. முதல்முதலாகக் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை கிடைத்ததும், கொஞ்ச நாள் நாம் மட்டும் இருப்போமே என்று மனம் ஆசைப்படும். ஒரு வாரம் என்று தொடங்கும். பள்ளிக்கூடம் திறக்கட்டும், மழை போகட்டும், பெயின்ட் வாசனை போகட்டும் என்று நீளும். அந்த ஆசை தப்பில்லை. பதினொரு மாதம் அதற்கு இடம் கொடுத்தது தப்பு.

அவர் உங்களைக் கொடுமைப்படுத்தியவராக இருந்தால் வேறு மாதிரி பதில் எழுதியிருப்பேன். அப்படி ஒரு வார்த்தைகூட உங்கள் கடிதத்தில் இல்லை. இருக்கிற ஒரே வார்த்தை, சின்னவனை அவர் பார்த்துக்கொண்டார் என்பதுதான். 300 மணி நேரம் நீங்கள் இருவரும் கல் தூக்கினீர்கள், கலவை எடுத்துக் கொடுத்தீர்கள். அந்த நேரமெல்லாம் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். எல்லோர் உடலுழைப்பும் ஒரே மாதிரி இருக்காது. கல் தூக்க முடியாதவர் சாப்பாடு செய்து கொடுப்பதையும் கணக்கு எழுதுவதையும் உழைப்பு நேரமாகச் சேர்த்துக்கொள்ளும் அமைப்புகள் உண்டு. உங்கள் நிறுவனம் சேர்த்ததா தெரியாது. நீங்கள் சேர்த்திருக்கவேண்டும். அந்த வீட்டில் அவருக்கும் பங்கு இருக்கிறது. பங்குதாரரை வெளியில் நிறுத்திவிட்டு ஓசி வீடு என்கிறார்களே என்று என்னிடம் அழுகிறீர்கள்.

தன்னார்வலர்கள் வருவதை நினைத்தால் கூசுகிறது என்றீர்களே, சொந்தக்காரர் பேச்சால் வந்த கூச்சம் இல்லை அது. வீட்டுக்குள் வருகிறவர்களில் அந்தக் கம்பியை முடுக்கியவரும் இருக்கலாம். அவர் நேராகக் குளியலறைக்குப் போய்த் தன் வேலையைப் பார்ப்பார். துண்டு தொங்கும். பாட்டி எங்கே என்று கேட்பார். அந்தக் கேள்வி உங்களுக்கு முன்பே கேட்டுவிட்டது. அதனால்தான் கூசுகிறது.

உங்கள் கணவரையும் நான் விடப்போவதில்லை. அவருடைய அம்மா. இந்தக் கடிதத்தை அவர் ஏன் எழுதவில்லை? பெற்ற தாய் எங்கே படுக்கிறாள் என்ற பொறுப்பை மனைவியின் தலையில் வைத்துவிட்டு, நல்லதும் கெட்டதும் மருமகள் கணக்கு என்று ஒதுங்கி நிற்கும் ஆண்களை நான் ரொம்ப காலமாகப் பார்க்கிறேன். இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுத்து, இந்தப் பத்தியைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். நாத்தனாரையும் நினைத்துப் பாருங்கள். பதினொரு மாதமாக அவர் வாய் திறக்காமல் இருக்கிறார் என்றால் அவருக்குச் சிரமமே இல்லை என்று அர்த்தம் கிடையாது. பெற்றவர்களை வைத்துக்கொள்வது பிள்ளைகளின் கடமை என்று நான் நம்புகிறேன். மகனுக்கும் மகளுக்கும் சமமாக. முறை வைத்துப் பார்த்தாலும் இப்போது உங்கள் முறைதான்.

வரும் சனிக்கிழமை இரண்டு பேரும் போங்கள். போனில் சொல்லிக் கூப்பிடாதீர்கள். போனில் கூப்பிட்டால், வேண்டாம்மா, இங்கேயே சௌகரியமாக இருக்கிறது என்பார். கூப்பிடாத வீட்டைப் பற்றி வயதானவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். மகள் இல்லாத நேரமாகப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தாமதம் செய்துவிட்டோம் என்று சொல்லுங்கள். ஈரம் அது இது என்று காரணம் அடுக்காதீர்கள். முதல் தடவை மறுத்தால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வந்து ஒரு மாதம் இருந்து பார்த்தபிறகும் மகளோடு இருக்கத்தான் பிடிக்கிறது என்று அவரே சொன்னால், அது அவர் முடிவு. தலைவணங்கி ஏற்றுக்கொண்டு, தன்னார்வலர்களிடமும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

அவர் வருவதற்கு முன் வீட்டில் செய்யவேண்டியது கொஞ்சம் இருக்கிறது. உலகத்தில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதில் அதிகம் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். அவருக்குப் பழக்கமில்லாத வீடு உங்கள் வீடு. இருட்டில் ஸ்விட்ச் எங்கே என்று தெரியாது. மூன்றாவது அறையிலிருந்து குளியலறைவரை ஒரு சின்ன இரவு விளக்கு எரியட்டும். வழியில் கிடக்கும் வழுக்குகிற மிதியடியையும் பிள்ளைகளின் பொம்மைகளையும் எடுத்துவிடுங்கள். அந்த அறையில் மகனின் மேஜை இருந்தால் அவனையே நகர்த்தச் சொல்லுங்கள். யாருக்காக நகர்த்துகிறோம் என்று சொல்லியே செய்யச் சொல்லுங்கள். பாட்டியின் இடம் எது என்று அவன் கையாலேயே தெரிந்துகொள்ளட்டும்.

குளியலறைக் கம்பியின் இரண்டு முனைகளையும் துடைத்துப் பாருங்கள். ஈரத் துணி பதினொரு மாதம் கிடந்திருக்கிறது, ஸ்க்ரூ துருப்பிடித்திருந்தால் மாற்றவேண்டும். அதை உங்கள் கணவர் செய்யட்டும், முடுக்கியபின் தன் எடையைப் போட்டு இழுத்தும் பார்க்கட்டும். துண்டுக்குத் தனியாக ஒரு கொக்கி வாங்கிக் கதவின் பின்பக்கம் அடியுங்கள்.