எலிகளின் செய்தியும் தங்கையின் ரிப்போர்ட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். என் தங்கைக்கு 38 வயது. போன மாதம் மார்பகப் புற்றுநோய் என்று தெரியவந்தது. பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘ட்ரிபிள் நெகட்டிவ், கிரேடு 3’ என்று இருக்கிறது. இருப்பதிலேயே மூர்க்கமான வகை என்கிறார்கள். அடுத்த வாரம் கீமோ தொடங்குகிறது, அறுவைசிகிச்சை அதற்குப் பிறகுதானாம். சொந்தக்காரர்கள் தினமும் ஒரு செய்தி அனுப்புகிறார்கள்: ஏதோ ஒரு புரதத்தைத் தடுத்தால் கட்டியே கரைந்துவிடுகிறதாம், தடுப்பூசி வரப்போகிறதாம். அவள் எல்லாவற்றையும் சேர்த்துவைத்து ராத்திரியில் திரும்பத் திரும்பப் படிக்கிறாள். நான் பார்த்தவரை பாதிக்குமேல் எலிகளில் நடந்த சோதனை. அதை அவளிடம் சொல்ல மனம் வரவில்லை. புதிய ஆராய்ச்சிகளை நம்பலாமா? நம்பிக்கை கொடுப்பது அவளை ஏமாற்றுவதாகிவிடுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நான் மருத்துவன் அல்ல. நெருங்கிய ஒருவருக்காக இந்த ஆய்வுகளைத் தேடிப் படித்தவன், அவ்வளவுதான். இதில் உள்ளதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். டாக்டரிடம் கேட்க உதவினால் போதும்.

முதலில் ஒரு சின்ன விஷயம். கிரேடு வேறு, ஸ்டேஜ் வேறு. கிரேடு 3 என்றால் செல்கள் இயல்பான உருவத்திலிருந்து மிகவும் மாறி, வேகமாகப் பெருகுகின்றன என்று பொருள். நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை ஸ்டேஜ்தான் சொல்லும். வீட்டில் யாராவது இரண்டையும் குழப்பிக்கொண்டு அழுதுகொண்டிருக்கக்கூடும்.

எலிச் செய்திகள் பொய்யல்ல. ஆனால் எலியில் பலித்தவற்றில் பெரும்பாலானவை மனிதரிடம் பலிப்பதில்லை. பலித்தாலும் மருந்தாகிக் கைக்கு வரப் பல வருடங்களாகும். தங்கைக்கு வேண்டியது அந்த வழி முழுவதையும் ஏற்கெனவே நடந்து கடந்துவிட்ட ஆராய்ச்சி. அப்படிப்பட்டவை இருக்கின்றன. தலைப்பு சுவாரசியமாக இல்லாததால் அவற்றை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

ஒரு பழைய கதை. 1987-இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் டென்னிஸ் ஸ்லாமனின் குழுவினர், ஹெர்2 என்ற மரபணு அளவுக்கு மீறிப் பெருகியிருக்கும் மார்பகப் புற்றுநோய் சீக்கிரம் திரும்பி வருகிறது, சீக்கிரம் உயிரைப் பறிக்கிறது என்று எழுதினார்கள். அன்று எல்லோரும் பயந்த வகை அதுதான். அந்த ஹெர்2-ஐயே குறிவைத்த டிராஸ்டுசுமாப் என்ற மருந்து 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2005-இல் வந்த பெரிய ஆய்வுகளில், ஆரம்பநிலை நோயாளிகளுக்கு அந்த மருந்தால் நோய் மறுபடி வரும் ஆபத்து ஏறக்குறைய பாதியாகியிருந்தது. இன்று ஹெர்2 பாசிட்டிவ் என்றால் டாக்டர்களின் முகம் முன்போல இருண்டுபோவதில்லை.

ட்ரிபிள் நெகட்டிவில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன்களைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இரண்டும் இல்லை, ஹெர்2-உம் இல்லை. குறிவைக்க ஒன்றும் கிடைக்காததால் வெகுகாலம் கீமோ மட்டும்தான் இருந்தது. வேகமாகப் பெருகும் செல்கள்தான் கீமோவில் அதிகம் அடிபடுகின்றன என்பது இதில் ஒரு விசித்திரம். அறுவைசிகிச்சைக்கு முன்பே கீமோ கொடுப்பதற்கு இங்கேதான் பயன். அறுவைசிகிச்சையில் எடுத்த திசுவில் புற்றுச்செல் ஒன்றுகூட மிச்சமில்லை என்று வந்தவர்களில் பெரும்பாலோருக்கு நோய் திரும்புவதில்லை. மிச்சமிருந்தாலும் கைவிரிக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு கேபசிடபின் மாத்திரை பலன் தருவதை ஜப்பானும் கொரியாவும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2017-இல் காட்டியது.

அடுத்தது இம்யூனோதெரபி, அதாவது உடலின் நோய் எதிர்ப்பு சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் சிகிச்சை. கீநோட்-522 என்ற ஆய்வில் இரண்டாம், மூன்றாம் ஸ்டேஜில் இருந்த 1174 பேர். கீமோவோடு பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைச் சேர்த்தவர்களில் 100-க்கு 86.6 பேர் ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தார்கள், சேர்க்காதவர்களில் 81.7. வித்தியாசம் ஐந்துதான் என்று தோன்றும். எனக்கு அது 100 வீடுகளில் ஐந்து வீடு. ஆனால் மருந்து விலை அதிகம். தைராய்டு, அட்ரீனல் சுரப்பிகளை நிரந்தரமாகவே கெடுத்துவிடவும் கூடும். இதையும் தெரிந்துகொண்டே கேளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு மும்பை டாடா மெமோரியலில் நடந்தது. அதில் புது மருந்தே இல்லை. கார்போபிளாட்டின் என்ற பழைய, விலை குறைந்த மருந்தை வழக்கமான கீமோவோடு வாராவாரம் சேர்த்தார்கள். முடிவுகள் 2022 டிசம்பரில் வெளியாயின. 50 வயதுக்கு உட்பட்டவர்களில், ஐந்து வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 100-க்கு 62-இலிருந்து 74 ஆனார்கள். அதற்கு மேற்பட்ட வயதினரிடம் இந்தப் பலன் தெரியவில்லை. உங்கள் தங்கைக்கு 38. அவளுடைய கீமோ பட்டியலில் கார்போபிளாட்டின் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். காரணம் இருக்கலாம்.

இந்த வகை திரும்பி வருவதானால் பெரும்பாலும் முதல் மூன்று வருடங்களுக்குள் வந்துவிடும். ஐந்தைக் கடந்தவர்களுக்கு ஆபத்து வெகுவாகக் குறைகிறது. ஹார்மோன் வகையோ பதினைந்து வருடம் கழித்தும் வரக்கூடியது. இதைத் தங்கையிடம் எப்போது சொல்லலாம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். முதல் கீமோ அன்று வேண்டாம்.

ஏமாற்றுவதாகிவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். ‘உனக்கு நிச்சயம் குணமாகிவிடும்’ என்று சொன்னால் ஏமாற்று. மேலே சொன்ன எதுவும் அப்படியல்ல. அவள் சேர்த்துவைத்திருக்கும் செய்திகளைப் பிடுங்காதீர்கள். ராத்திரியில் அவளுக்கு அவை தேவைப்படுகின்றன. பகலில், எலிக்கு மேலே வந்தவை எவை என்று இருவரும் உட்கார்ந்து பிரித்துப் பார்க்கலாமே.

கடைசியாக, கடிதத்தில் நீங்கள் சொல்லாத ஒன்று. பிஆர்சிஏ (BRCA) மரபணுப் பரிசோதனை, அதாவது பரம்பரையாக வரும் மார்பகப் புற்றுநோய்க்குக் காரணமாகும் மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது, செய்தாயிற்றா? அதில் மாற்றம் இருந்து, நோய் திரும்பும் ஆபத்தும் அதிகம் என்றால், சிகிச்சைக்குப் பின் ஒரு வருடம் ஓலாபரிப் மாத்திரை கொடுப்பதுண்டு. நோய் திரும்புவதை அது குறைப்பதை 2021-இல் வந்த ஒலிம்பியா ஆய்வு காட்டியது. அந்த மாற்றம் தங்கைக்கு இருந்தால் உடன்பிறந்த உங்களுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நீங்கள் ஆணாக இருந்தாலும் அப்படித்தான். முடிவு வரச் சில வாரங்கள் ஆகும் என்பதால், கீமோவுக்குப் போகும்போதே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.