சிறுநீரகத்துக்குப் பார்க்கும் பொருத்தம் கண்ணுக்கு ஏன் இல்லை?

அடுத்த வாரம் அம்மாவுக்குக் கருவிழி மாற்று அறுவை, ரத்த வகைகூடப் பொருத்திப் பார்க்கவில்லையே என்று பதறி எழுதியிருந்தீர்கள். அது கவனக்குறைவு இல்லை. வழக்கமான கருவிழி மாற்றில் பெரும்பாலும் பொருத்தம் பார்ப்பதில்லை.

காரணம் கண்ணிடமே இருக்கிறது. கருவிழி என்பது கண்ணின் முன்பக்கம் கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும் படலம். அதில் ரத்தக்குழாயே கிடையாது. எதிர்ப்பு அணுக்கள் வந்து சேர்வதே கடினம். மீறி வரும் டி செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்களை, கண்ணின் செல்கள் தாங்கியிருக்கும் ஃபாஸ் லிகண்ட் என்ற புரதம் தொட்டுச் சாகவைக்கிறது. கருவிழிக்குப் பின்னால் உள்ள நீரிலும் அழற்சியை அடக்கும் பொருள்கள் உண்டு. இப்படி அடக்குவது ஏன்? தோலில் வரும் வீக்கம் ஆறிவிடும், கண்ணில் வந்தால் பார்வையே போய்விடுமே! உறுப்பு மாற்றை ஆராய்ந்த விஞ்ஞானி பீட்டர் மெடாவர் 1948இல் ஒரு முயலின் தோலை இன்னொரு முயலின் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தார். ரத்தக்குழாய் உள்ளே நுழையாதவரை அது பிழைத்திருந்தது.

அந்த 'நுழையாதவரை' என்பதுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது. பழைய புண்ணாலோ ரசாயனக் காயத்தாலோ அம்மாவின் கருவிழியில் ரத்தக்குழாய்கள் படர்ந்திருந்தால் நிராகரிப்பு, அதாவது வைத்த கருவிழியை உடல் ஏற்காமல் எதிர்க்கும் அபாயம் கூடும். டாக்டரிடம் இதை நேராகவே கேளுங்கள்.

அப்புறம், அறுவைக்குப் பின் தரும் சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கண் சிவந்தாலோ, வலித்தாலோ, வெளிச்சத்துக்குக் கூசினாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே போய்விடுங்கள். சில வருடம் கழித்தும் நிராகரிப்பு வரலாம். சீக்கிரம் பிடித்தால் பல நேரம் மருந்திலேயே அடங்கிவிடும்.