கரிசலை உழாமல் விட்டால் சரியாகுமா?

கேள்வி: பெரம்பலூர் மாவட்டத்தில் நான்கு ஏக்கர் மானாவாரிக் கரிசல். ஐந்து வருடமாக மக்காச்சோளம்தான். ஒவ்வொரு பட்டத்துக்கும் ரோட்டவேட்டர் (டிராக்டரில் மாட்டும் சுழல் கலப்பை) இரண்டு ஓட்டு. இப்போது மழை பெய்தால் தண்ணீர் தேங்கிப் பயிர் மஞ்சளாகிறது. வேர் அரை அடிக்குக் கீழே இறங்குவதில்லை. உழவே வேண்டாம் என்கிறார்கள் சிலர். கருவி விற்பவர் பெரிய ரோட்டவேட்டர் வாங்கச் சொல்கிறார். எது சரி?

பதில்: ரோட்டவேட்டர் வாங்காதீர்கள். உங்கள் மண்ணை இறுக்கியதே அதுதான். ஈரக் கரிசலில் அதன் கத்திகள் மேலே மாவாக்கி, அடியில் மெழுகிவிடுகின்றன. பெரியதை வாங்கினால் அதே வேலை இன்னும் சுத்தமாக நடக்கும். மேல்மண் பொடியாகத் தெரிந்தால் விற்பவருக்குப் போதும். அவர் அரை அடி தோண்டிப் பார்ப்பதில்லை.

உழாத சாகுபடியை நம்பிச் சொல்கிறவர்களும் எந்த மண்ணில் என்று சொல்வதில்லை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டிரிப்ளெட், வான் டோரன் என்ற ஆய்வாளர்கள் 1962-இல் வூஸ்டரிலும் 1963-இல் ஹாய்ட்வில்லிலும் ஒரே சோதனையைத் தொடங்கினார்கள். புரட்டி உழுவது, குறைவாக உழுவது, உழாமல் விதைப்பது மூன்றையும் வருடா வருடம் அதே பாத்திகளில் தொடர்ந்தார்கள். வடிகால் நல்ல வூஸ்டரில் உழாத நிலம் உழுத நிலத்துக்குச் சளைக்கவில்லை. தண்ணீர் வடியாத ஹாய்ட்வில் களிமண்ணில், மக்காச்சோளத்தின் மேல் மக்காச்சோளம் போட்டபோது உழாத பாத்தி பின்தங்கியது. பயிரை மாற்றியபோது அந்த இழப்பு வெகுவாகக் குறைந்தது. உங்கள் நிலம் எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, ஐந்து வருடம் ஒரே பயிர் ஏன் என்பதும், அறுவடைக்குப் பின் மக்காச்சோளத் தட்டை எங்கே போனது என்பதும்தான். தட்டை முழுவதையும் விற்றுவிட்டு உழாமல் விட்டால் அது தரிசு, சாகுபடியல்ல.

கோடையில் மண் நன்றாகக் காய்ந்த பிறகு அடியிறுக்கத்தை உடைக்கும் உளிக் கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் ஓட்டுங்கள். மூன்று வருடத்துக்கு ஒரு முறை போதும். ஈரத்தில் ஓட்டினால் கோடு மட்டும் விழும், இறுக்கம் உடையாது. அடுத்த பட்டம் உளுந்தோ பருத்தியோ போடுங்கள். விதைப்புக்கு முன் அரை அடி ஆழத்து மண்ணை எடுத்து உருட்டுங்கள். திரியாக வந்தால் அன்று டிராக்டர் வயலுக்குள் இறங்கவே கூடாது, வாடகைக்கு வந்தவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.

உழாமல் பார்க்க ஆசையிருந்தால், இறுக்கம் உடைத்த பிறகு கால் ஏக்கரில் தட்டையை மண்ணை மூடும் மூடாக்காக விட்டுப் பாருங்கள். ஆனால் வருடா வருடம் அதே கால் ஏக்கர். முதல் வருட விளைச்சலை மட்டும் வைத்து அதில் மறுபடி கலப்பையை இறக்கிவிடாதீர்கள்.