பீச் குரூஸருக்கு மோட்டார்: முதலில் பிரேக்கைப் பாருங்கள்

கேள்வி: ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறேன். வீட்டில் ஒரு பீச் குரூஸர் சைக்கிள் சும்மா நிற்கிறது. 26 இன்ச் சக்கரம், தடித்த டயர், இரும்பு பிரேம், கியர் கிடையாது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிரேக் பிடிக்கும், கைப்பிரேக் இல்லை. இதில் மோட்டார் மாட்டி தரமணி அலுவலகத்துக்குப் போய்வர ஆசை. ஒரு வழி சுமார் 12 கிலோமீட்டர். என் எடை 85 கிலோ. கடையில் 250 வாட், 500 வாட் என்று கிட்களைக் காட்டுகிறார்கள். எதை வாங்கலாம்? லைசென்ஸ் வேண்டுமா?

பதில்: உங்கள் சைக்கிள் இந்த வேலைக்கு ஏற்றதுதான். இரும்பு பிரேம், நீளமான உடல், பள்ளத்தைத் தாங்கும் டயர் எல்லாம் சாதகம். ஆனால் கிட் வாங்கக் கடைக்குப் போகும் முன் பிரேக்கை முடிவு செய்யுங்கள். மோட்டார் கடைசியில் வரட்டும்.

காரணம் எளிது. இப்போது நீங்கள் நிதானமாக 14 கிலோமீட்டர் வேகத்தில் போவீர்கள். மோட்டார் வந்தபின் 25-ல் போவீர்கள். அப்போது நிறுத்த வேண்டிய ஆற்றல் மூன்று மடங்குக்கு மேல் கூடிவிடும். எடையும் ஏழெட்டு கிலோ ஏறும். அவசரமாக நிறுத்தும்போது பாரம் முன்சக்கரத்துக்குப் போய்விடுவதால், பின்சக்கரத்தில் மட்டும் பிடிக்கும் பிரேக் சறுக்கத்தான் செய்யும். ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) யூ டர்ன் போடும் காருக்கு முன்னால் அதை மட்டும் நம்பக் கூடாது.

ஆகவே முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வேண்டும். குரூஸரின் பழைய ஃபோர்க்கில் (முன்சக்கரத்தை இருபுறமும் பிடிக்கும் கவை) டிஸ்க் மாட்டும் இடம் பெரும்பாலும் இருக்காது. டிஸ்க் வசதியுள்ள இரும்பு ஃபோர்க் ஒன்று வாங்கி மாற்றிவிடுங்கள். ஹேண்டில் தண்டின் விட்டம் 1 இன்ச்சா, 1⅛ இன்ச்சா என்று அளந்துகொண்டு போங்கள், மாறினால் பொருந்தாது. அலுமினியம் ஃபோர்க்கும் ஷாக் வைத்த ஃபோர்க்கும் வேண்டாம், ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். பின்பக்கப் பெடல் பிரேக்கை அப்படியே விட்டுவிடலாம், கூடுதல் பாதுகாப்பு.

இதை முடிவு செய்துவிட்டால் மோட்டாரின் இடமும் தானாகத் தெரிந்துவிடும். பின்சக்கர ஹப் மோட்டாருக்கு, அதாவது சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் மோட்டாருக்கு, பிரேமில் சக்கரம் உட்காரும் இடைவெளி வழக்கமாக 135 மில்லிமீட்டர் தேவை. பெடல் பிரேக் சைக்கிள்களில் 110 சுற்றிதான் இருக்கும். அதை விரித்தாலும் இருக்கிற ஒரே பிரேக் போய்விடும். பெடல் அச்சில் பொருத்தும் நடு மோட்டார் நல்ல பொருள்தான். ஆனால் பெரும்பாலான நடு மோட்டார்களில் பின்னோக்கி மிதித்தால் செயின் நகராது, பிரேக்கும் பிடிக்காது. எனவே உங்களுக்கு முன்சக்கர ஹப் மோட்டார்தான். உள்ளே கியர் உள்ள வகையாகக் கேளுங்கள். எடை குறைவு, சிக்னலில் நின்று கிளம்பும்போது இழுவை நன்றாக இருக்கும், மோட்டாரை அணைத்துவிட்டு மிதித்தாலும் கனக்காது.

முன்சக்கர மோட்டாரில் கவனம் வேண்டியது அச்சு. சக்கரத்தை முன்னே தள்ளும் அதே விசை, அச்சைப் பின்னோக்கித் திருப்பப் பார்க்கும். நட் தளர்ந்தால் ஃபோர்க்கில் அச்சு உட்காரும் காது விரிந்து சக்கரமே கழன்றுவிடலாம். இரும்பு கொஞ்சம் வளைந்து எச்சரிக்கும். அலுமினியம் எச்சரிக்காமல் உடையும். டார்க் ஆர்ம் என்ற இரும்புத் தகடு ஒன்றை அச்சில் மாட்டி ஃபோர்க்கோடு இறுக்கிவிட வேண்டும். கிட்டோடு வராவிட்டால் தனியாக வாங்குங்கள். இது இல்லாமல் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

இப்போது வாட் கணக்கு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன்படி, பெடலுக்கு உதவும் மோட்டார் 30 நிமிடம் தொடர்ந்து தரும் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்போதோ, நீங்கள் மிதிப்பதை நிறுத்தும்போதோ உதவி நின்றுவிட வேண்டும். தகுந்த பிரேக்கும், முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு ரிஃப்ளெக்டரும் வேண்டும். இவற்றை விதி 126-ல் சொன்ன சோதனை அமைப்பு ஒன்று சரிபார்த்து ஒப்புதல் தந்திருந்தால் அது மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. லைசென்ஸும் பதிவும் தேவையில்லை. 500 வாட் இந்த எல்லையைத் தாண்டிவிடும். வீட்டில் மாற்றிய சைக்கிளுக்குப் பதிவு வாங்குவது எளிதல்ல, விபத்து என்று வந்தால் உங்கள் பக்கம் நிற்க ஆள் இருக்காது. 250 வாட் என்று எழுதியிருந்தாலும் 30 நிமிடத் திறன் எவ்வளவு என்று கடைக்காரரிடம் கேளுங்கள். திருகினால் ஓடும் ஆக்சிலரேட்டரை மாட்டாதீர்கள்.

சென்னை சமதளம், மேம்பாலங்கள்தான் ஏற்றம். நீங்களும் மிதிப்பீர்கள் என்பதால் இந்தத் திறன் தாராளமாகப் போதும். 26 இன்ச் தடித்த டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.07 மீட்டர் போகும். 25 கிலோமீட்டர் வேகத்துக்கு நிமிடத்துக்கு 200 சுற்று. மோட்டார் வாங்கும்போது இந்தச் சுற்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். 20 இன்ச் சக்கரத்துக்கான மோட்டார் அதே வேகத்துக்கு இன்னும் வேகமாகச் சுற்றும்படி செய்தது, அது உங்களுக்கு ஒத்துவராது.

பேட்டரியில் கஞ்சம் பிடிக்க வேண்டாம். குரூஸரில் நிமிர்ந்து உட்காருவதால் காற்று நெஞ்சில் அறையும். கோடையில் பிற்பகலில் கடல்காற்று எழுந்துவிடும். நீங்கள் தெற்கே வீடு திரும்பும்போது அது தென்கிழக்கிலிருந்து எதிரே வரும். கிலோமீட்டருக்கு 14 வாட் அவர் மின்சாரம் செலவாகும் என்று வைத்தால், போய்வர 24 கிலோமீட்டருக்கு 336. 36 வோல்ட், 13 ஆம்பியர் அவர் பேட்டரியில் 468 இருக்கும், முழுக்கத் தீர்க்காமல் அதில் 80 சதவீதம் மட்டும் செலவழித்தால் 374. அலுவலகத்தில் சார்ஜ் போடாமலே போய்வரலாம். 10 ஆம்பியர் அவர் வாங்கினால் 360 தான், ஒரே வருடத்தில் இழுபறி ஆகிவிடும். வகையில், லித்தியம் அயர்ன் பாஸ்பேட் நம் வெயிலை நன்றாகத் தாங்கும். எடை கூடினாலும் அதையே பரிந்துரைப்பேன். உள்ளே உள்ள பாதுகாப்பு போர்டு, கண்ட்ரோலர் (மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் பெட்டி) இழுக்கும் ஆம்பியரைவிடக் கூடுதலாகத் தாங்க வேண்டும்; கண்ட்ரோலர் 15 என்றால் போர்டு 20. பழைய செல்களைச் சேர்த்துக் கட்டியதை விலை குறைவு என்று வாங்காதீர்கள்.

எங்கே வைப்பது? வளைந்த குழாய்களில் பாட்டில் வடிவப் பேட்டரி சரியாக உட்காராது. அட்டையில் அதே அளவு வெட்டி பிரேமில் வைத்துப் பாருங்கள். இடமில்லாவிட்டால் பின்னால் உறுதியான இரும்பு கேரியர். முன்னே மோட்டார் இருப்பதால் எடையும் சமப்படும். மிதிப்பதை அறியும் சென்சாரையும் அப்போதே பார்த்துவிடுங்கள். குரூஸர்களில் கிராங்க் (பெடல்களைத் தாங்கும் தண்டு) பெரும்பாலும் ஒரே துண்டாக வளைத்ததாக இருக்கும். அதற்கு இரண்டு பாதியாகப் பிரியும் சென்சார் வளையம் கேட்டு வாங்குங்கள்.

முன் பிரேக் லீவரில் மோட்டாரை அணைக்கும் ஸ்விட்ச் கட்டாயம். பெடல் பிரேக்குக்கு லீவர் கிடையாது, அதனால் அதில் இது வராது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முதலில் கை லீவரைத் தொடும் பழக்கம் வர வேண்டும். ரோட்டோர மணலில் மெல்லக் கிளம்புங்கள், முன்சக்கரம் வழுக்கும்.

உப்புக் காற்றுக்கு ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுங்கள், கனெக்டர்களில் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். ஒயரை மோட்டாருக்குள் போகும் முன் கொஞ்சம் கீழே தொங்கவிட்டால் மழைநீர் உள்ளே இறங்காது. அச்சு தரையிலிருந்து சுமார் 33 சென்டிமீட்டர்தான். அந்த உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும் தெருவில் தள்ளிக்கொண்டும் போகாதீர்கள். பேட்டரியைக் கழற்றி மாடியில் வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தரைத்தள பார்க்கிங்குகள் என்ன ஆயின என்பது உங்களுக்கே தெரியும். ஓட்டிவந்த சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள். தூங்கும்போதும், வீட்டை விட்டு வெளியேறும் வழியில் வைத்தும் சார்ஜ் போட வேண்டவே வேண்டாம்.

எல்லாம் மாட்டியதும் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்துச் சோதியுங்கள். மோட்டார் சுற்றும்போது லீவரைப் பிடித்தால் உடனே அணைய வேண்டும். அப்புறம் முதல் 50 கிலோமீட்டரில் அச்சு நட்டையும் ஸ்போக்குகளையும் மறுபடி இறுக்கிக்கொள்ளுங்கள். புதிதாகப் பின்னிய சக்கரத்தில் ஸ்போக் நிச்சயம் தளரும்.